காவிரிக் கரை வீட்டில் 3 நாள்: விதிகளை எப்படிப் படிப்பது, வெளியே என்ன செய்வது

மே மாதக் கடைசி வாரத்தில் குடகில், சித்தாபுரம் பக்கம், காவிரிக் கரையிலுள்ள ஒரு காப்பித் தோட்டத்து வீட்டை 3 நாளுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். ஈரோட்டிலிருந்து 8 பேர். அதில் 70 வயது அம்மா, 11 வயதுப் பையன், 6 வயதுப் பெண். முன்பணம் கட்டிய மறுநாள் வீட்டுக்காரர் இரண்டு பக்கத்துக்கு விதிகள் அனுப்பியிருக்கிறார். மாலை 5 மணிக்கு மேல் ஆற்றில் இறங்கக் கூடாது. கரையில் மது கூடாது. இருட்டிய பிறகு தோட்டத்துக்குள் நடக்கக் கூடாது. பலாப்பழத்தை வெளியே வைக்கக் கூடாது. ஆற்றில் சோப்பு கூடாது. இப்படிப் போகிறது பட்டியல். "பணத்தையும் வாங்கிக்கொண்டு விடுதி மாணவர்களைப் போல நடத்துகிறாரே, வேறு இடம் பார்க்கட்டுமா? குழந்தைகள் ஆற்றில் விளையாடத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேறு இடம் பார்க்க வேண்டாம். அந்த ஆற்றங்கரையில் 17 ஆண்டுகள் தோட்ட மேற்பார்வை வேலையில் இருந்தவன் நான். கடைசிச் சில ஆண்டுகள் விருந்தினர் தங்கும் வீடு ஒன்றையும் பார்த்துக்கொண்டேன். நீங்கள் அனுப்பிய பட்டியலை வரிவரியாகப் படித்தேன். இதை எழுதியவர் கரையிலேயே வாழ்கிறவர், ஆற்றையும் யானையையும் தினமும் பார்க்கிறவர் என்பது நன்றாகத் தெரிகிறது. விதி எதுவும் சொல்லாமல் சாவியை மட்டும் கையில் கொடுக்கிற வீட்டுக்காரரிடம்தான் நான் என் பேரக் குழந்தைகளை அனுப்பத் தயங்குவேன். அவர் காரணத்தை எழுதவில்லை, அதுதான் குறை. காரணங்களை நான் சொல்கிறேன். அவை தெரிந்துவிட்டால் என்ன செய்யலாம், எப்போது செய்யலாம் என்பதும் உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் ஆறு. ஈரோட்டுக்காரர்களுக்குக் காவிரி புதிதல்ல. ஆனால் நீங்கள் அறிந்த காவிரி மேட்டூரில் திறந்துவிட்டால் வருகிற காவிரி. ஜூன் 12 என்று நாள் குறித்து மதகு திறப்பார்கள். எத்தனை கன அடி என்று செய்தித்தாளில் வரும். கரையோர மக்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வரும். சித்தாபுரத்துக் காவிரிக்கு அப்படி ஒரு காவலாளி இல்லை. தலைக்காவிரியில் தோன்றி, பாகமண்டலத்தில் கன்னிகை ஆற்றோடு சேர்ந்து, நாபோக்லு வழியாகச் சித்தாபுரம் வந்து சேரும்வரை அதன் குறுக்கே பெரிய அணை கிடையாது. ஹாரங்கி அணை துணையாற்றில் இருக்கிறது; அந்த ஆறு குசால்நகரைத் தாண்டித்தான் காவிரியில் கலக்கிறது. ஆகவே மேலே மலையில் பெய்கிற மழை, யாரும் தடுக்காமல், யாரும் அறிவிக்காமல், நேராக நீங்கள் தங்கப்போகிற வீட்டுப் படித்துறைக்கு வரும். பாகமண்டலத்துப் பக்கம் பெய்கிற மழை சித்தாபுரத்தைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே கொட்டும்போது இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஜூன் மாதத்துத் தொடக்கம், பிற்பகல் 3 மணி இருக்கும். மேலே நல்ல வெயில். தண்ணீர் பச்சையாக, அடியிலுள்ள கூழாங்கல் தெரியுமளவு தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. விருந்தினர்கள் நடுப்பாறை வரை நடந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். மேல்பகுதித் தோட்டத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இங்கே ஒரு மணி நேரமாகக் கொட்டுகிறது என்றார். நாங்கள் அவர்களைக் கரைக்கு அழைத்துவிட்டோம். அவர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான், வெயிலில் என்ன அவசரம் என்று. கரையில் காப்பி கொடுத்து உட்கார வைத்தோம். முதலில் காய்ந்த மூங்கில் இலைகள் கூட்டமாக மிதந்து வந்தன. அடுத்து வெள்ளை நுரை, திட்டுத் திட்டாக. பிறகு தண்ணீரின் ஓரம் மட்டும் லேசாகப் பழுப்பேறியது. கொஞ்ச நேரத்தில் ஆறு முழுவதும் தேநீர் நிறம். சத்தம் பெரிதாக இல்லை. ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிக்கும் நேரத்தில் நடுப்பாறை மறைந்துவிட்டது. அதில் கழற்றி வைத்திருந்த இரண்டு ஜோடிச் செருப்புகளும் போய்விட்டன. அன்றைக்குச் செருப்போடு போனது.

மாலை 5 மணி விதியின் பொருள் இதுதான். மே மாதக் கடைசியில் பருவமழைக்கு முந்தைய இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் கட்டும். அந்த மழைத்தண்ணீர் இறங்கி வரும் நேரமும் வெளிச்சம் மங்கும் நேரமும் ஒன்றாகிவிடும். இலை, நுரை, நிறம் ஆகிய மூன்று அடையாளங்களையும் இருட்டில் பார்க்க முடியாது. ஆகவே ஆற்று விளையாட்டைக் காலை 8 முதல் 11 மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பகலிலும் இந்த மூன்றில் ஒன்றைக் கண்டால், கேள்வி கேட்காமல் எல்லோரும் கரையேற வேண்டும். உங்கள் பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். 11 வயதுப் பிள்ளைக்கு ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைவிட நல்ல விடுமுறைப் பாடம் எனக்குத் தெரியவில்லை. 2019 ஆகஸ்டில் இதே காவிரி கரடிகோட்டிலும் நெல்லிஹுதிகேரியிலும் கரையோர வீடுகளுக்குள் புகுந்து எத்தனையோ குடும்பங்களை முகாம்களுக்கு அனுப்பியது. உங்கள் வீட்டுக்காரர் அந்த ஆண்டுகளை மறந்திருக்க மாட்டார்.

அடுத்தது ஆழம். கோடையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது ஆறு சாதுவாகத் தெரியும். ஆனால் பாறைகளுக்கு இடையே மடுக்கள் இருக்கின்றன. முழங்கால் அளவில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த எட்டில் ஆள் மூழ்கும் ஆழத்தில் கால் வைப்பார். மேலே அலையில்லாமல் கண்ணாடி போல அசையாமல் தெரிகிற இடம்தான் பெரும்பாலும் மடு. குழந்தைகளுக்கு அதுதான் குளம் போலத் தெரியும். பாறையில் பாசி படிந்திருக்கும், வெறுங்காலில் நடந்தால் வழுக்கும். பின்பக்கம் வார் உள்ள ரப்பர்ச் செருப்பு போடுங்கள். பாறையிலிருந்து தலைகீழாகக் குதிப்பது அறவே வேண்டாம். போன ஆண்டு குதித்த இடத்தில் இந்த ஆண்டு பாறையோ மரக்கட்டையோ வந்து கிடக்கும். வெள்ளம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆற்றின் அடித்தரையை மாற்றி வைத்துவிட்டுப் போகிறது. ஆகவே வீட்டில் வேலை செய்கிறவர் எந்த இடத்தைக் காட்டுகிறாரோ அங்கே மட்டும் இறங்குங்கள். இந்த ஆண்டின் ஆறு அவருக்குத்தான் தெரியும்.

இரண்டு குழந்தைகளுக்கும் மிதவை அங்கி (லைஃப் ஜாக்கெட்) வேண்டும். வீட்டில் இருக்கிறதா, 6 வயது அளவில் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிக்கொண்டு போங்கள். காற்றடைத்த டியூபும் கைப்பட்டையும் அங்கிக்கு ஈடாகாது. டியூப் நீரோட்டத்தில் பிள்ளையோடு சேர்ந்து போய்விடும். பெரியவர்கள் ஆறு பேர் இருக்கிறீர்கள். ஆறு பேரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றாகிவிடும். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். அந்த அரை மணி நேரம் அவர் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது, சின்னவளுக்குக் கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். மூழ்குகிறவர் கத்த மாட்டார். கத்துவதற்கு மூச்சு இருக்காது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறியிறங்க, சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும்.

யாராவது அடித்துக்கொண்டு போனால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனதைப் பற்றிய செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! கயிறு, வேட்டி, புடவை, மூடிய காலிக் கேன், நீளமான மூங்கில் என எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். கரையில் ஒரு கயிறும் இரண்டு காலிக் கேனும் எப்போதும் இருக்கட்டும். தூக்கி வந்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். அதில் போகிற ஒவ்வொரு நொடியும் உயிரின் நொடி. மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30 என்று விடாமல் தொடருங்கள். உங்களில் ஒருவராவது போவதற்கு முன் இதை முறையாகக் கற்றுக்கொண்டால் நல்லது. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்; நுரையீரலில் போன தண்ணீரின் தொல்லை சில மணி நேரம் கழித்தும் வரும். 108, 112 இரண்டும் அங்கே உண்டு. ஆனால் ஆற்றுப் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காத இடங்கள் இருக்கின்றன. வீட்டில் எந்த மூலையில் சிக்னல் வரும் என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மது விதியைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. குடித்தவர் ஆற்றில் இறங்கக் கூடாது, பிள்ளைகளைப் பார்க்கும் முறையிலும் இருக்கக் கூடாது. கண்ணாடிப் புட்டி ஒன்று பாறையில் உடைந்தால் அதன் சில்லு எத்தனையோ ஆண்டுகளுக்கு யார் யார் காலையோ கிழிக்கும்.

இனி யானை. இருட்டிய பிறகு தோட்டத்துக்குள் போகாதே என்பதும் பலாப்பழ விதியும் ஒரே விதிதான். சித்தாபுரம் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் யானை விருந்தாளி அல்ல, குடியிருப்பவர். பகலில் காப்பிச் செடிகளுக்குள் நிற்கும். பத்தடி தள்ளி நிற்கிற யானை அந்த அடர்த்தியில் கண்ணுக்குத் தெரியாது. மாலையில் தண்ணீருக்கு ஆற்றுக்கோ தோட்டக் குளத்துக்கோ இறங்கும். மே, ஜூனில் பலா பழுக்கிறது. அந்த வாசனை எவ்வளவு தூரம் போகும் என்று நமக்கே தெரியும், யானைக்குச் சொல்லவே வேண்டாம். வழியில் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வந்து வராந்தாவில் வைத்தால், இரவில் வராந்தாவுக்கே அழைப்பு அனுப்பியதாக ஆகிவிடும். வண்டிக்குள் வைத்தாலும் அப்படித்தான், கண்ணாடியை உடைக்கும். அன்றே சாப்பிட்டு, கொட்டையையும் தோலையும் அவர்கள் சொல்கிற குழியில் போட்டுவிடுங்கள்.

மாலை 6 மணி முதல் காலை வெளிச்சம் வரும் வரை வாசலைத் தாண்ட வேண்டாம். வண்டியில் எதையோ மறந்துவிட்டோம் என்றாலும் வேலையாளை அழைத்து, விளக்குப் போட்டு, நாய் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். நாய் ஒரே திசையைப் பார்த்து விடாமல் குரைத்தாலோ, மூங்கில் முறிகிற சத்தம் கேட்டாலோ உள்ளேயே இருங்கள். யானையைக் கண்டால் டார்ச் அடிப்பதும் படம் எடுக்கப் பக்கத்தில் போவதும் வேண்டாம். சாலையில் எதிரே நின்றால் ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, மெதுவாகப் பின்னால் எடுங்கள். அந்தத் தோட்டங்களில் வேலைக்குப் போகிற வழியில் யானையால் உயிரிழந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவன் என்பதால் இந்த விதியை யாராவது லேசாகப் பேசினால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இன்னொன்று: தோட்ட எல்லையில் ஓடும் மெல்லிய கம்பி, துணி காயப்போடுகிற கொடி அல்ல, சூரிய மின்வேலி. முதல் நாளே குழந்தைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

மற்ற விதிகள் சின்னவை. எல்லோருடைய அடையாள அட்டையும் கேட்பது அவர் பதிவு செய்த வீடு நடத்துகிறார் என்பதற்கு அடையாளம். சொன்ன 8 பேருக்கு மேல் யாரையும் வரவழைக்காதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுவதற்கும் உள்ள சட்டம். ஆற்றின் மேல் சத்தம் அக்கரை வரை தெளிவாகப் போகும், அங்கே விடியலில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் தூங்குகிறார்கள். கழிப்பறையில் துணியோ நாப்கினோ போடாதீர்கள். மண்ணுக்கடியில் உள்ள கழிவுத் தொட்டிதான், அடைத்தால் திறக்க ஆள் வருவதற்கு இரண்டு நாள் ஆகும். மே மாதக் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போகும், ஒரு கைவிளக்கு கொண்டுபோங்கள். தீ மூட்டுவதானால் அவர்கள் காட்டும் குழியில் மட்டும்; உயரமான மரங்களில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும், புகை போனால் கலைந்து இறங்கும்.

சோப்பு விதியைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குடகின் மண்ணின் மக்களான கொடவர்களுக்குக் காவிரி தாய், குலதெய்வம். காவேரம்மா என்றுதான் அழைப்பார்கள். அக்டோபர் நடுவில் துலா சங்கராந்தியன்று தலைக்காவிரியில் தீர்த்தம் பொங்குவதைக் காண ஊரே திரளும். அந்த நீரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசையில் வைக்கிறார்கள். ஆடிப்பெருக்கு கொண்டாடுகிற நமக்கு இது விளங்காததல்ல. எண்ணெயும் ஷாம்புவும் வீட்டுக் குளியலறையில் முடியட்டும். ஆற்றில் மீன் பிடிக்கவும் ஆசைப்பட வேண்டாம். காவிரிக்கே உரிய திமிலுள்ள மாசீர் மீன் இன்று அழிவின் விளிம்பில், மிக அபாயமான நிலையில் இருப்பதாக 2018 இல் அழிந்துவரும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. தோட்டத்துக்குப் பக்கத்தில் தேவரகாடு, அதாவது தெய்வத்துக்கென்று விட்ட கோயில்காடு, இருந்தால் வெளியே நின்று கும்பிடுங்கள். பூவோ குச்சியோ எடுக்காதீர்கள்.

இவ்வளவும் போக, செய்வதற்கு நிறைய இருக்கிறது. முதல் நாள் காலை 6 மணிக்கு அம்மாவையும் குழந்தைகளையும் படித்துறைக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நீரில் இறங்க வேண்டாம், அரை மணி பேசாமல் இருந்தால் போதும். சீகாரப் பூங்குருவி மனிதர் சீட்டி அடிப்பது போலவே பாடும். பையன் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். பெரிய சிவப்பு அலகு மீன்கொத்தி ஒன்று மரக்கிளையிலிருந்து கல் விழுவது போல நீரில் விழும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் பாறையேறி மீனைக் கடித்துத் தின்பதைக் காணலாம். பைனாகுலர் ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் அதைவிடப் பயனுள்ள விளையாட்டுச் சாமான் கிடையாது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டத்து ஆளோடு நடந்து வாருங்கள். மே மாதத்தில் காப்பிப் பூவும் இல்லை, பழமும் இல்லை. மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூத்து உதிர்ந்துவிடும். ரொபஸ்டா என்ற வகைக் காப்பியின் பறிப்பு ஜனவரி, பிப்ரவரியில். இப்போது பச்சை மணிகளாகக் காய் பிடித்திருக்கும். மரத்தில் ஏறிய மிளகுக்கொடியையும், ஒற்றை மூங்கிலில் செய்த ஏணியையும், காப்பி காயவைக்கும் களத்தையும் பார்த்தாலே பிள்ளைகளுக்குக் காப்பி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். மழை விழுந்திருந்தால் அட்டை இருக்கும். பிய்த்து எறியாமல், விரல் நகத்தால் வாய்ப்பக்கம் மெல்ல நெம்பி எடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது. அதன் எச்சிலில் இரத்தம் உறையவிடாத பொருள் இருப்பதுதான் காரணம், பயப்பட ஏதுமில்லை.

ஒரு நாள் காலை துபாரே யானை முகாமுக்குப் போகலாம். வனத்துறை நடத்துவது, யானைகளை ஆற்றில் குளிப்பாட்டுவது காலையில்தான், ஆகவே சீக்கிரம் புறப்படுங்கள். படகில் அக்கரை போக வேண்டும். மே மாதத்தில் தண்ணீர் குறைவு என்று சிலர் பாறைகளில் நடந்தே கடப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். பையன் ராஃப்டிங், அதாவது வேகமான நீரோட்டத்தில் ரப்பர்ப் படகுச் சவாரி, கேட்பான் என்று எழுதியிருந்தீர்கள். அது மழை பிடித்து ஆறு நிறைந்த பிறகு நடப்பது; மே கடைசியில் பெரும்பாலும் இருக்காது. யாராவது தனியாக ஏற்பாடு செய்து தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பரிசலோ கயாக்கோ வீட்டிலேயே இருந்தால், அங்கி போட்டுக்கொண்டு, வீட்டு ஆள் கூட வர, காலையில் போகலாம். அம்மாவுக்குக் குசால்நகர் அருகேயுள்ள நிசர்கதாமா ஒத்துவரும். காவிரிக்கு நடுவே தீவு. தொங்கு பாலத்தைக் கடந்தால் மூங்கில் காட்டு நிழலில் நடை. தலைக்காவிரி போக ஆசைப்பட்டால் ஒரு முழுநாள் வேண்டும். அம்மாவுக்கு முடியாவிட்டால் பாகமண்டலக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிற்பகல்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மழை கட்டி வரும் நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்து, நூல்புட்டும் (நம் இடியாப்பம் போன்றது) குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு ஆறு நிறம் மாறுவதைப் பார்ப்பதும் விடுமுறைதான். அசைவம் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், கடை தூரம்.

பயணத்தில் ஒரு கணக்கு. நீங்கள் ஏறப்போகிற திம்பம் மலைப்பாதையில் இரவு 9 முதல் காலை 6 மணி வரை கார்களை விட மாட்டார்கள். பிரியாபட்டணத்திலிருந்து சித்தாபுரம் போகும் சாலை மால்தாரே காட்டு வழியாகப் போகிறது. அதை வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும். ஆகவே திம்பம் மலையடிவாரத்துப் பண்ணாரி சோதனைச் சாவடியில் காலை 6 மணிக்கு நிற்பது போல ஈரோட்டிலிருந்து கிளம்புங்கள். கிளம்புவதற்கு முந்தின மாலை வீட்டுக்காரரை அழைத்து, கட்டில் எத்தனை, வெந்நீர் உண்டா என்று கேட்பதற்கு முன், "பாகமண்டலத்தில் மழையா? தண்ணீர் இன்று என்ன நிறம்?" என்று கேளுங்கள். அவர் குரலே மாறுவதைக் கவனிப்பீர்கள்.